தாசிலுக்கு முந்தானைதான் கூலி

எனக்கு வயசு எழுபத்தொன்று. நான் வளர்த்துக் கொடுத்தது நாற்பத்தொரு நாய்க்குட்டிகள். பெற்ற பிள்ளைகள் மூன்று பேர், அது தனிக் கணக்கு. நாற்பத்தொன்றில் ஒன்றுகூட என் கையிலிருந்து தின்பண்டம் வாங்கித் தின்று உட்காரப் பழகவில்லை. ஒன்றுகூட என்னிடம் அடி வாங்கவும் இல்லை. பெருமைக்குத்தான் சொல்கிறேன். இந்த வயசில் பெருமைப்படாமல் பின்னே எப்போது படுவது?

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ரேவதி. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், பெருமுக்கல் மலை கண்ணில் படுகிற தூரத்தில், நான் வேலை பார்த்த நாய்ப்பண்ணை இருக்கிறது. நான் செய்த வேலையை இப்போது அவள் செய்கிறாள். இடுப்பில் ஒரு சின்னப் பை, அதில் பிஸ்கெட்டும் வேகவைத்த கோழித் துண்டும். குட்டி உட்கார்ந்தால் ஒரு துண்டு, கூப்பிட்டு வந்தால் ஒரு துண்டு. அதுவும் நன்றாகத்தான் நடக்கிறது, நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது அங்கே வளர்கிறதெல்லாம் வீட்டுக்குப் போகிற நாய்கள். எங்கள் காலத்து நாய்கள் காவலுக்குப் போனவை.

போன வாரம் ரேவதி போன் பண்ணினாள்.

"அம்மா, புதுசா ஒரு குட்டி வந்துக்குது. பிஸ்கெட்ட வாயில வச்சா துப்புது. கோழி குடுத்தா மோந்து பாத்துட்டு செவுத்தப் பாத்துக்கினு ஒக்காந்துக்குது. ஒரே பேஜாரா இருக்குதும்மா. நீங்கல்லாம் எப்டிமா பண்ணீங்க?"

"போன்ல சொல்ற விஷயமாடி அது?"

"அப்ப எழுதிக் குடுங்க."

"நான் ரெண்டாங்கிளாஸ்டி."

"எழுத்துக்கூட்டி எழுதுங்க, நான் எழுத்துக்கூட்டிப் படிச்சிக்கறேன்."

வாய் அவளுக்கு. சரி என்று எழுதுகிறேன். நான் எழுத எழுத என் பேத்தி கயல்விழி பக்கத்தில் உட்கார்ந்து காலும் கொம்பும் சரிபண்ணுகிறாள். இங்கே விழுப்புரத்தில் மகன் வீட்டு மாடியில் இருக்கிறேன். நாய் வளர்க்க வீட்டுக்காரர் விடமாட்டார். கீழே தெருவில் ஏதாவது குரைத்தால் எந்த வயசு நாய், பயத்தில் குரைக்கிறதா கோபத்தில் குரைக்கிறதா என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்பதில்லை.

பண்ணையில் நான் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்குகிற நாட்கள் போக மற்ற நாளில் கழனியில் வேலை இருக்காது. பண்ணைக்காரர் பட்டாளத்தில் நாய்களோடு வேலை செய்துவிட்டு வந்தவர். ஹவில்தார் ஐயா என்போம். மண்டி, ரைஸ்மில், சவுக்குத் தோப்பு இதற்கெல்லாம் காவல்நாய் பழக்கிக் கொடுப்பார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. குட்டிக்கு ஆறு மாசம் ஆகிறவரை பொம்பளைங்க கை. அதற்கு மேல் ஆம்பளை கை. நாயை வாங்குகிற இடத்திலிருந்து காவல்காரர் ஒருவர் வந்து தங்கி, அதோடு பழகி, கூட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் நான் பெருக்கிக்கொண்டு இருக்கிறபோது ஒரு குட்டி துடைப்பத்தைப் பிடித்து இழுத்தது. நான் கத்தாமல் அப்படியே அசையாமல் நின்றேன். அது சலித்துப்போய் விட்டுவிட்டது. ஐயா பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"ஏம்மா அஞ்சல, யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

"எம் புருஷன்தாங்க ஐயா. அவரு சண்டைக்கு வந்தா நான் இப்டித்தான் நிப்பேன்."

மறுநாளே துடைப்பம் வேறு ஆளுக்குப் போனது. என் கைக்குக் குட்டி வந்தது.

ஐயா நாயிடம் பேசினால் பக்கத்தில் இருக்கிறவருக்குக் கேட்காது. மனுஷரிடம் பேசினால் பெருமுக்கல் மலைக்கே கேட்கும். "ஜல்தி, ஜல்தி" என்று எங்களைத்தான் விரட்டுவார், நாயை ஒருநாளும் விரட்டியதில்லை. எந்த நாயையும் இரண்டாம் தரம் கூப்பிட மாட்டார். ஒருதரம் கூப்பிடுவார். வரவில்லை என்றால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அது இருக்கிற இடத்துக்கு அவரே நடந்து போய்ச் சும்மா நிற்பார். "ரெண்டாந்தரம் கூப்ட்டா மொத வார்த்த செத்துப்போச்சும்மா" என்பார். நாய் ஒரு வேலையை அருமையாகச் செய்துவிட்டால், தலையில் இருக்கிற தொப்பியைக் கழற்றுவார். அவ்வளவுதான். அந்தத் தொப்பி கழன்றதை நான் சில தரம்தான் பார்த்திருக்கிறேன்.

கையில் தீனி கூடாது என்பது அவர் சட்டம். முன்னே ஒரு ரைஸ்மில்லில் அவர் பழக்காத நாய் ஒன்று இருந்ததாம். பிஸ்கெட் காட்டி வளர்த்தது. திருட வந்தவர்கள் மருந்து தடவின கறியை நீட்டினார்கள். நாய் அழகாக உட்கார்ந்து வாங்கித் தின்றது. "கையிலருந்து தின்னப் பழகினது எந்தக் கைன்னு பாக்காதும்மா." இதை அவர் சொல்கிறபோது மட்டும் குரல் தணிந்துவிடும்.

அதற்காகக் குட்டியைப் பட்டினி போட்டோம் என்று நினைக்க வேண்டாம். கேப்பைக் களியும் எலும்பு வேகவைத்த தண்ணியும் வேளாவேளைக்கு அதன் தட்டில் இருக்கும். உட்காரு, எழுந்திரு என்று ஒன்றும் சொல்ல மாட்டோம். சோறு சோறுதான், சம்பளம் இல்லை.

பின்னே சம்பளம் எது? ரேவதி, இதைத்தான் நீ கேட்டாய். அந்த நேரத்துக்குக் குட்டி எதற்கு ஆசைப்படுகிறதோ அதுதான் சம்பளம். காலையில் கொட்டகைக் கதவுக்கு முன்னால் வந்து குதிக்கும். அதற்கு வெளியே போக வேண்டும். நான் தாழ்ப்பாளில் கை வைப்பேன். குதித்தால் கையை எடுத்துவிடுவேன். மறுபடி வைப்பேன். குதித்தால் எடுத்துவிடுவேன். ஒரு கட்டத்தில் என்னடா இந்த அம்மா என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரும். உட்கார்ந்த அந்த நொடியே தாழ்ப்பாள் விழும், கதவு திறக்கும். அதற்குக் கதவுதான் லட்டு. வரப்பில் எதையோ மோந்துகொண்டு இருக்கிறதா? கூப்பிட்டு, வந்ததும் நெஞ்சில் நாலு தடவு தடவி, "போ, மோந்துக்கோ" என்று விட்டுவிட வேண்டும். குளிப்பாட்டவும் சங்கிலி போடவும் மட்டும் கூப்பிட்டால் எந்தக் குட்டி வரும்? நாம் வருவோமா? கடித்து விளையாட ஒரு பழைய துணியை முறுக்கிக் கொடுப்போம். பல் நம் கையில் பட்டால் மரம். நான் மரமாகிவிடுவேன். பேச்சு இல்லை, பார்வை இல்லை, அசைவு இல்லை. ஆட்டம் முடிந்துபோகும். அடியைவிட அது அதற்கு உறைக்கும்.

அப்புறம் வார்த்தை. ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு வார்த்தை வைப்போம், அது செய்தது சரி என்று சொல்ல. வீட்டில், தெருவில் புழங்காத வார்த்தையாக இருக்க வேண்டும். குட்டி சரியாகச் செய்கிற அதே நொடியில் சொல்ல வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் அது வேறு எதற்கோ போய்ச் சேரும். நேரம் தப்பின வார்த்தை வீண். ஆறு மாசம் கழித்து நாயை ஒப்படைக்கும்போது அந்த வார்த்தையையும் காவல்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதற்கப்புறம் நாங்கள் அதைச் சொல்லக் கூடாது. இப்படி ஒவ்வொரு குட்டியும் ஒரு வார்த்தையைக் கவ்விக்கொண்டு போனது. பலே போச்சு, சபாஷு போச்சு. வார்த்தை தீர்ந்துபோய் ஊர்ப் பேரெல்லாம் வைத்தோம். கூட வேலை செய்த கன்னியம்மா ஒரு குட்டிக்குப் "பனமலை" என்று வைத்துவிட்டாள், அவள் பிறந்த ஊர். அந்த நாய் விழுப்புரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்து மண்டிக்குப் போனது. கண்டக்டர் "பனமலை, பனமலை, ஏறு ஏறு" என்று கத்துகிறபோதெல்லாம் அது நெஞ்சை நிமிர்த்தி வாலை ஆட்டுமாம். மண்டிக்காரர் வந்து ஐயாவிடம் சத்தம் போட்டார். அன்றிலிருந்து பஸ் போகிற ஊர்ப் பேர் கூடாது என்று ஒரு சட்டம் கூடியது.

தாசிலின் வார்த்தை ஜோரு.

இந்தத் தாசிலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். தாய் செத்துப்போய் வந்த குட்டி. எதிலும் ஆசை இல்லை. கதவைத் திறந்து வைத்தாலும் போகாது. பந்து உருட்டினால் பந்தைப் பார்க்கும், என்னைப் பார்க்கும், நீயே எடுத்துக்கோ என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கும். நெஞ்சைத் தடவினால் நகர்ந்துவிடும். ஜீப்பில் வந்து இறங்காமல் உட்கார்ந்திருக்கிற தாசில்தார் மாதிரி இருக்குதே என்று கன்னியம்மாதான் பேர் வைத்தாள். ஆசை இல்லாத பிள்ளைக்கு எதைக் கொடுத்து என்ன சொல்லித்தர முடியும்? நான் வேலையில் தோற்றுப்போய்விடுவேனோ என்று முதல்முதலாக அப்போதுதான் தோன்றியது.

ஒருநாள் கிணற்றடியில் குனிந்து தட்டு கழுவிக்கொண்டு இருந்தேன். முந்தானை சரிந்து தரையில் கிடந்தது. தாசில் வந்து அதன் நுனியை வாயில் எடுத்தது. இழுக்கவில்லை, கிழிக்கவில்லை. சும்மா வாயில் வைத்துக்கொண்டு நின்றது. நான் நடந்தேன், அதுவும் நடந்தது. கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். அப்போதுதான் அந்த வால் ஆடி நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் எனக்கு வேறென்ன வேண்டும்? உட்கார்ந்தால் "ஜோரு", முந்தானை நுனி, ஒரு சுற்று. கூப்பிட்டு வந்தால் "ஜோரு", முந்தானை, ஒரு சுற்று. கீழே படு, அங்கேயே இரு, வேற்றாள் நீட்டினதைத் தொடாதே, எல்லாவற்றையும் மற்ற குட்டிகள் பாதி கற்பதற்குள் அது முழுதாகக் கற்றது. என் கத்தரிப்பூக் கலர் நூல்சேலை நுனி மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கும்.

ஆறு மாசம் ஆனது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியிலிருந்து ஏழுமலை வந்தார். நல்ல மனுஷன், பொறுமைசாலி. காக்கிப் பேண்ட், இன் பண்ணின சட்டை. "தாசில், உட்காரு" என்றார். தாசில் அவரை மேலிருந்து கீழே பார்த்தது. இடுப்பைச் சுற்றிப் பின்னால் போய்ப் பார்த்தது. பிடிக்க ஒன்றும் தொங்கவில்லை. எழுந்து நடந்து பொம்பளைகள் கொட்டகைப் பக்கம் போய்விட்டது. அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி.

ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"முந்தானையக் கடிக்க வுட்டது யாரு?"

"நான்தாங்க ஐயா. அது வேற எதுவும் வேணாங்குதே."

"பேண்ட் போட்ட ஆம்பள கைக்குப் போனா எதப் புடிக்கும்? யோசிக்க வேணாமா?"

இத்தனை வருஷம் பொம்பளைகள் வளர்த்து ஆம்பளைகள் கையில் கொடுத்திருக்கிறோம். அதுவரை இது யாருக்கும் தோன்றியதில்லை, ஐயாவுக்கும்தான். அதைச் சொல்லவும் சொன்னேன். முறைத்தார். இது தப்பு என்று அவர் கடைசி வரைக்கும் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பசித்த வயிற்றுக்குத்தான் சோறு போட முடியும். அந்தக் குட்டிக்குப் பசி அங்கேதான் இருந்தது.

"ஆடி பொறக்கற வரைக்கும் பாக்கறேன்" என்றார். "அதுக்குள்ள ஏழுமல கையில வேல செய்யலன்னா கோழிப்பண்ணைக்குத்தான்."

கோழிப்பண்ணை என்றால் எங்களுக்குத் தெரியும். தேறாத நாய்கள் போகிற இடம். கம்பத்தில் சங்கிலி. சங்கிலி நீளம்தான் அதற்கு உலகம். கூட நடக்க ஓர் ஆள் கிடையாது. கிணற்றைச் சுற்றி வாலை ஆட்டிக்கொண்டு வந்த பிள்ளை அது.

அன்றைக்கே அந்தச் சேலையின் முந்தானையைக் கிழித்து ஏழுமலையிடம் நீட்டினேன். "பெல்ட்டுல கட்டிக்கோ ஏழுமல."

"என்னாக்கா இது? நான் காவல்காரன்க்கா."

"கட்டிக்கோ சொல்றேன்."

கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கன்னியம்மா விடுவாளா?

"என்னா ஏழுமல, பொண்டாட்டி அம்மா வூட்டுக்குப் போயிட்டாளா? சேலைய மட்டும் புடிச்சி வச்சிக்கினியா?"

"சிரிங்க, சிரிங்க. மண்டியில தனியா நிக்கப்போறவன் நானு. எனக்கு இந்தப் புள்ள வேணும்."

அந்த ஒரு பேச்சுக்காகவே அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது.

தாசில் வந்தது. துணியை வாயில் எடுத்தது. எடுத்து, ஏழுமலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்து நின்றது! எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துணி அவர் இடுப்பில், வாசனை என் வாசனை.

ஏழுமலையிடம் சொன்னேன், முகம் துடைக்க, கை துடைக்க, தலைக்கு வைத்துப் படுக்க எல்லாவற்றுக்கும் இனிமேல் அந்தத் துணிதான். துவைக்காதே. உன் வேர்வையும் பீடியும் அதில் ஏறட்டும். அவரும் அப்படியே செய்தார். துணி கறுத்துக்கொண்டு வந்தது. தாசிலும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் சொல்வதைக் கேட்டது, நான் கண்ணில் படாத நேரமாக இருந்தால்.

"நீ லீவு போட்டுட்டு வூட்டுக்குப் போ" என்றார் ஐயா.

"நான் இல்லாதப்ப கேட்டுட்டு என்னாங்க ஐயா பிரயோஜனம்? மண்டியில மல்லாட்டை ஒடைக்க வர்றதெல்லாம் பொம்பளைங்க. முந்தானையப் பாத்தா எந்திரிச்சி ஓடுமே. நான் இங்கயே இருக்கணும், அது என்னை வுட்டுட்டுப் போவணும்."

ஐயா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மறுநாள் கிணற்றடியில் நின்றேன். வேண்டுமென்றே வேறொரு சேலை, முந்தானையைத் தொங்கவே விட்டேன். ஏழுமலை தூரத்தில் வேப்பமரத்தடியில். தாசிலை அவிழ்த்துவிட்டார்கள். நேராக என்னிடம் ஓடி வந்தது. நான் மரமானேன்.

முந்தானை நுனியை மோந்து பார்த்தது. எடுக்கவில்லை. நான் கொடுத்தால்தான் எடுக்க வேண்டும் என்று நான்தானே பழக்கியிருந்தேன். என் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தது. நான் பெருமுக்கல் மலையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். படுத்தது. நான் பேசவில்லை. எழுந்து நாலடி தள்ளிப்போய், யாரும் கூப்பிடாமலே என்னிடம் வந்து மறுபடி உட்கார்ந்தது. கையை நீட்டியது. மறுபடி படுத்தது. நான் கற்றுக்கொடுத்தது மொத்தத்தையும் ஒன்றுவிடாமல் ஒவ்வொன்றாகச் செய்து காட்டியது. இதுவா? இது இல்லையா, அப்ப இதுவா? எதில் தப்பு என்று தேடியது. ஒன்றிலும் தப்பு இல்லை. அத்தனையும் சரி. அத்தனைக்கும் சொல்ல வேண்டிய வார்த்தை என் தொண்டையில் இருந்தது. சொன்னால் கோழிப்பண்ணை. எனக்கு எத்தனையோ சாவு தெரியும், அழுதிருக்கிறேன். அன்றைக்கு அழக்கூட முடியாது, மரம் அழுமா?

கடைசியில் அதற்குச் செய்து காட்ட ஒன்றும் மிச்சமில்லை. என் காலில் ஒருதரம் மூக்கை வைத்தது.

அப்போது ஏழுமலை கூப்பிட்டார். ஒரே ஒரு தரம். "தாசில்."

காது திரும்பியது. அப்புறம் தலை திரும்பியது. வேப்பமரத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. போனது. முதலில் நடை, அப்புறம் ஓட்டம். அவர் முன்னால் போய் உட்கார்ந்தது. அவர் கறுத்துப்போன துணியை நீட்டினார். இத்தனை பேர் எதிரில் கூச்சப்பட்டுக்கொண்டு, கரகரத்த குரலில் "ஜோரு" என்றார். வால் ஆடியது. மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள்.

ஐயா தொப்பியைக் கழற்றினார். நாய்க்குத்தான் கழற்றினார் என்று கன்னியம்மா சொன்னாள். அவர் எந்தப் பக்கம் பார்த்துக் கழற்றினார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வார்த்தையை நான் அப்புறம் எந்தக் குட்டிக்கும் வைக்கவில்லை. வீட்டிலும் சொன்னதில்லை. பேரன் பேத்தி பரீட்சையில் பாசானால் "சரி, நல்லது" என்பேன்.

ரொம்ப நாள் கழித்து ஒருதரம் திண்டிவனத்தில் பார்த்தேன். மகள் வீட்டுக்கு மல்லாட்டை வாங்க மண்டித் தெருவில் போகிறேன், மண்டி வாசலில் தாசில். அகன்ற நெஞ்சு, வாயோரம் நரை. பக்கத்தில் ஏழுமலை, பெல்ட்டில் ஒரு துணி. பச்சையாக இருந்தது, அவர் வீட்டு அம்மாவுடையதாக இருக்கும். சாக்குக் கட்டுகிற பொம்பளைகள் முந்தானை தொங்கத் தொங்கப் போகிறார்கள், வருகிறார்கள். தாசில் திரும்பவே இல்லை. காற்று என் பக்கமிருந்து அடித்தது. அதன் மூக்கு ஒருதரம் மேலே உயர்ந்தது. நான் தெருவைக் குறுக்கே கடந்து, என் வாசனை அதற்கு எட்டாத பக்கம் போய், பூக்கடைத் தட்டி மறைவில் நின்றுகொண்டேன். கொஞ்ச நேரம் மூக்கைத் தூக்கியபடியே இருந்தது. அப்புறம் வாசலைப் பார்க்கத் திரும்பிவிட்டது. அதன் வேலையை அது பார்த்தது. மல்லாட்டை வாங்காமலே வந்துவிட்டேன்.

பிறகு ஒருநாள் ஏழுமலை போன் பண்ணினார். "அக்கா, தாசிலு போயிட்டான்க்கா. வயசாயிடுச்சி. காலைல வாசல்லயே படுத்துக்கினு இருந்தான், எழுப்பினேன், எந்திரிக்கல." அப்புறம், "துணிய வாய்கிட்டயே வச்சி மூடிட்டேன்க்கா" என்றார்.

ரேவதி, உன் குட்டி சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் நீயும் பக்கத்தில் போய்ச் சுவரைப் பார்த்து உட்காரு. பையைக் கழற்றி வைத்துவிடு. நாள் ஆனாலும் ஆகட்டும். அதற்கும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கும். அது உன் கையில் இருக்காது, நீ போகிற வருகிற வழியில் எங்கேயாவது கிடக்கும். அது கிடைத்ததும் கெட்டியாகப் பிடித்துக்கொள். விடுகிற நாளும் வரும், அதையும் நீதான் பழக்க வேண்டும்.

இவ்வளவுதான். கயலு, பேனாவை மூடு. மொதல்லருந்து ஒருதரம் படி கண்ணு, மெதுவாப் படி. கிணத்தடியில தாசிலு ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்கற எடம் வரும் பாரு. அங்க கொஞ்சம் நிறுத்திக்கோ. அந்த வார்த்தைய நான் சொல்லிக்கறேன்.